போர்க்காலத் தெருக் காட்சிக்கு இடிந்த வீடு கட்டுவது: 1/35 ஸ்கேலில் முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி, நிஜ அளவில் 35-இல் ஒரு பங்காக (1/35 ஸ்கேல்) செய்யும் ஒரே ஒரு மாடல் கட்டடத்தைப் பற்றியது: 1944 கோடையில், பிரான்ஸின் நார்மண்டியில் ஒரு சிறு நகரத் தெருமுனையில் பாதி இடிந்து நிற்கும் கல் வீடு. தரைத்தளமும் ஒரு மாடியும், மேலே ஸ்லேட் (மெல்லிய கல் ஓடு) கூரையும் கொண்டது. இதைச் சரியாகக் கட்டத் தெரிந்தால், செங்கல் வீட்டுக்கோ வேறு நாட்டுத் தெருவுக்கோ மாறும்போது மாற்ற வேண்டியது அளவுகளும் நிறங்களும்தான். வேலை வரிசை அப்படியே இருக்கும்.

புதிதாகச் செய்பவர்கள் கைத்திறன் இல்லாமல் தோற்பது குறைவு. வரிசை தவறியே தோற்கிறார்கள். சுவரை முதலில் கண்டபடி பிய்த்துவிட்டு, பிறகு அதற்கு என்ன ஆனது என்று யோசிக்கிறார்கள். உள்பக்கம் வண்ணம் அடிக்காமல் மூலையை ஒட்டிவிடுகிறார்கள். கட்டடம் பலகையில் உட்காரும் முன்பே இடிபாட்டைக் கொட்டுகிறார்கள்.

1. ஊர், நாள், இடித்தது எது: மூன்றையும் முதலில் முடிவு செய்யுங்கள்

ஊர் தெரிந்தால் கல் தெரியும். கான் நகரத்தையும் அதைச் சுற்றிய சமவெளியையும் எடுத்தால் வெளிர் மஞ்சள் கலந்த வெண்மையான சுண்ணாம்புக்கல். சென்-லோ பக்கம் போனால் சாம்பல் நிறப் படலப்பாறை. லிசியூ பக்கம் மரச்சட்டமும் இடையில் மண்பூச்சும் கொண்ட வீடுகள். மூன்றையும் ஒரே தெருவில் கலந்தால் பார்ப்பவருக்கு ஊர் எதுவென்று பிடிபடாது. இங்கே கான் பக்கத்துக் கல்லையே எடுத்துக்கொள்கிறோம்.

நாள் தெரிந்தால் தெருவின் நிலை தெரியும். கான் நகரின் வடபகுதி ஜூலை 7 மாலை விமானக் குண்டுவீச்சில் நொறுங்கியது. சண்டை நடக்கும் நாளில் தெருவை இடிபாடு அடைத்துக் கிடக்கும். ஒரு வாரம் கழித்து என்றால் புல்டோசர் நடுவே வழி வெட்டி, இரு பக்கமும் குவியலைத் தள்ளியிருக்கும். டாங்கி சுலபமாகப் போகும் சுத்தமான தெருவையும் அதன் ஓரத்தில் தொடாத குவியலையும் ஒன்றாக வைப்பது அடிக்கடி காணும் தவறு.

இடித்தது எது என்பதுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

கூரையைத் துளைத்து உள்ளே வெடித்த குண்டு சுவர்களை வெளியே தள்ளும், தளங்களைக் கீழே இறக்கும். பக்கத்தில் விழுந்த குண்டு கண்ணாடியையும் ஸ்லேட்டையும் ஜன்னல் கதவையும் பறித்துவிட்டுச் சுவரை விட்டுவைக்கலாம். தீப்பிடித்த வீட்டில் மரமெல்லாம் போய், நான்கு சுவரும் திறப்புகளுக்கு மேல் கரியோடு நிற்கும். டாங்கியின் கவசம் துளைக்கும் குண்டு சுவரில் தன் விட்டத்தைவிடச் சற்றே பெரிய ஓட்டையைத்தான் போடும்: 75 மி.மீ. குண்டு 1/35-இல் 2.1 மி.மீ., 88 மி.மீ. குண்டு 2.5 மி.மீ. கட்டைவிரல் நுழையும் ஓட்டை போட்டுவிட்டு 'டாங்கி சுட்டது' என்று சொல்வதானால் அது வெடிகுண்டாக இருக்க வேண்டும்; அப்போது ஓரமெல்லாம் பிய்ந்திருக்க வேண்டும்.

இந்த வழிகாட்டியில் காரணம் இது: பின்பக்கம் கூரை வழியாக ஒரு குண்டு இறங்கி மாடியில் வெடித்தது. தீ இல்லை.

2. அளவுக் கணக்கு

நிஜ அளவை மில்லிமீட்டரில் எழுதி 35-ஆல் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் கண்ணளவில் வெட்டியே பெரும்பாலான கட்டடங்கள் கெடுகின்றன. கதவு சிறுத்துப்போகும், மாடி உயரம் குறையும். பக்கத்தில் ஒரு வீரனை நிறுத்தியதும் குட்டு வெளிப்படும். 1.75 மீட்டர் மனிதன் இந்த ஸ்கேலில் 50 மி.மீ.

இந்த வீட்டுக்கு வேண்டிய அளவுகள்:

- தரைத்தள உயரம் 3.2 மீட்டர்: 91 மி.மீ.
- மாடி உயரம் 2.8 மீட்டர்: 80 மி.மீ.
- வெளிச்சுவரின் தடிமன் 50 செ.மீ.: 14 முதல் 15 மி.மீ.
- வாசல் 95 செ.மீ. × 2.1 மீட்டர்: 27 × 60 மி.மீ.
- ஜன்னல் 1 மீட்டர் × 1.7 மீட்டர்: 29 × 49 மி.மீ.
- ஒரு வரிசைக் கல்லின் உயரம் 30 செ.மீ.: 8.6 மி.மீ.; நீளம் 14 முதல் 17 மி.மீ.
- படிக்கட்டு, ஏற்றம் 18 செ.மீ., அகலம் 25 செ.மீ.: 5 மற்றும் 7 மி.மீ.

சுவரின் தடிமனில் கஞ்சத்தனம் கூடாது. 5 மி.மீ. ஃபோம் தாளில் வெட்டிய சுவர் நேரே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உடைந்த ஓரம் கண்ணில் பட்டதும் அது 17 செ.மீ. சுவர் என்று தெரிந்துவிடும். அந்தத் தடிமனில் யாரும் மாடி தாங்கும் கல் சுவர் கட்டவில்லை.

ஜெர்மன் நகரத்துக்கு மாற்றுபவர்களுக்கு: அங்கே பழைய செங்கல் 25 × 12 × 6.5 செ.மீ., அதாவது 7.1 × 3.4 × 1.9 மி.மீ. ஒன்றரைக் கல் சுவர் 38 செ.மீ., 11 மி.மீ. பெர்லினின் அடுக்குமாடி வீடுகளுக்குக் கூரை விளிம்பு 22 மீட்டரில் வரும். 1/35-இல் அது 63 செ.மீ. ஆகவே முழு வீட்டையும் கட்ட ஆசைப்படாமல், கீழ் இரண்டு தளத்தோடு இடிந்ததாக வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

3. கையில் இருக்க வேண்டியவை

15 மி.மீ. மற்றும் 5 மி.மீ. தடிமனில் எக்ஸ்ட்ரூடட் பாலிஸ்டைரீன் ஃபோம் (சுருக்கமாக எக்ஸ்.பி.எஸ்.). பொட்டுப் பொட்டாக மணிகள் தெரியும் வெள்ளைத் தெர்மாகோல் வேண்டாம். கத்தி பட்டதும் மணி மணியாக உதிரும், கல் கோடு நிற்காது. பாஸ்வுட் மரக் குச்சிகளும் பட்டைகளும், வெள்ளைப் பசை, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், மென்மையான சுவர்ப் பட்டி, சாதாரண 80 கிராம் தாள், மைக்ரோஸ்கோப் கவர் ஸ்லிப் (மிக மெல்லிய கண்ணாடித் துண்டு), அக்ரிலிக் வண்ணங்கள், பிக்மென்ட் (நிறப்) பொடிகள், 12 மி.மீ. பிளைவுட் பலகை.

கத்திக்குப் புது பிளேடுகள் நிறைய வையுங்கள். மழுங்கிய பிளேடு ஃபோமை வெட்டாது, கிழிக்கும். பத்துப் பன்னிரண்டு வெட்டுக்கு ஒருமுறை மாற்றினால் ஓரம் கண்ணாடி போல வரும்.

சூப்பர் குளூவும் சாதாரண ஸ்ப்ரே பெயின்டும் ஃபோமைக் கரைத்துவிடும். இரண்டையும் மேசையிலிருந்தே அப்புறப்படுத்திவிடுவது நல்லது. அவசரத்தில் கை தானாக அங்கே போகும்.

4. அட்டையில் ஒரு ஒத்திகை

ஃபோமைத் தொடும் முன், பழைய அட்டைப்பெட்டியில் சுவர்களை வெட்டி டேப் போட்டு நிறுத்துங்கள். வைக்கப்போகும் வண்டியையும் உருவங்களையும் பலகையில் வைத்துப் பாருங்கள்.

பலகை 30 × 30 செ.மீ. என்று கொள்வோம். வீட்டின் முகப்பு 170 மி.மீ., பக்கச்சுவர் 115 மி.மீ. ஷெர்மன் டாங்கியின் அகலம் 2.62 மீட்டர், 75 மி.மீ.; நீளம் சுமார் 170 மி.மீ. ஏழு மீட்டர் தெருவே 200 மி.மீ. வந்துவிடும் என்பதால் முழுத் தெருவும் பலகையில் அடங்காது. பரவாயில்லை. தெருவின் பாதியைக் காட்டி மீதியைப் பலகை விளிம்பில் வெட்டிவிடுங்கள். தெருவைச் சுருக்கி முழுதாகக் காட்டினால் டாங்கி சந்துக்குள் மாட்டிக்கொண்டது போல இருக்கும்.

கட்டடத்தைப் பலகை விளிம்புக்கு இணையாக வைக்காமல் 10 முதல் 15 பாகை திருப்புங்கள். அப்போதுதான் முகப்பும் பக்கச்சுவரும் உள்பக்கமும் ஒரே பார்வையில் கிடைக்கும். எந்தச் சுவரை எந்த உயரம் வரை இடிப்பது என்பதையும் அட்டையிலேயே கத்தரியால் வெட்டிப் பாருங்கள். மூன்று கோணத்தில் படம் எடுத்து வையுங்கள். நடுவில் குழப்பம் வந்தால் அவை உதவும்.

5. சுவர்களை முழுசாக வெட்டிக் கல் வரி போடுதல்

இடிந்த வீடாக இருந்தாலும் சுவரை முதலில் முழுதாக வெட்டுங்கள். ஜன்னல், வாசல், மேல் விளிம்பு எல்லாம் இருந்தால்தான், உடைக்கும்போது எது போனது, எது மிஞ்சியது என்ற கணக்கு சரியாக வரும்.

ஃபோமின் இரண்டு முகத்திலும் உள்ள வழுவழுப்பான தோலை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடுங்கள். தோல் இருந்தால் வண்ணம் பிடிக்காது. ஒரு பக்கத் தோலை மட்டும் எடுத்தால் ஃபோம் தாள் வளையவும் கூடும்.

வெட்டும்போது ஒரே அழுத்தில் 15 மி.மீ. இறங்க முயலாதீர்கள். இரும்பு அளவுகோலை வைத்து மூன்று நான்கு முறை லேசாக ஓட்டுங்கள். திறப்புகளை முதலில் வெட்டி, பிறகு கல் வரி கீறுங்கள். மாற்றிச் செய்தால் திறப்பின் ஓரத்தில் கோடுகள் பிசகும்.

மூலை ஒட்டுக்கு இரு சுவர்களின் முனையையும் 45 பாகை சாய்த்து வெட்டுங்கள். ஒன்றின் முனையில் மற்றதை அப்படியே ஒட்டினால், மேலிருந்து கீழ் வரை ஒரு நேர்க்கோடு தெரியும். கல் கட்டில் அப்படி ஒரு கோடு கிடையாது. மூலைக்கல் ஒரு வரிசையில் இந்தப் பக்கம் நீளமாகவும், அடுத்த வரிசையில் அந்தப் பக்கம் நீளமாகவும் மாறி மாறி வர வேண்டும்.

வரிசை அளவை முதலில் மூலையில் குறித்து, அங்கிருந்து இரு சுவருக்கும் கொண்டுபோங்கள். தனித்தனியாகக் கோடு போட்டால் மூலையில் இரண்டு வரியும் முட்டாமல் நிற்கும். முதலில் கிடைக்கோடுகள் எல்லாம், பிறகு செங்குத்துக் கோடுகள். அடுத்தடுத்த இரு வரிசைகளின் செங்குத்து இணைப்பு ஒன்றின் மேல் ஒன்றாக விழவே கூடாது. எந்தக் கொத்தனாரும் அப்படிக் கட்டமாட்டார்.

நிஜத்தில் ஒரு செ.மீ. கலவை இணைப்பு இங்கே 0.3 மி.மீ. தான். பால்பாயின்ட் பேனாவால் அழுத்தினால் கோடு மூன்று மடங்கு தடிக்கும். கத்தியால் லேசாகக் கீறி, 0.3 மி.மீ. மெக்கானிக்கல் பென்சில் முனையை அதில் ஒருமுறை ஓட்டினால் போதும்.

கல்லின் முகத்துக்கு, கசக்கிய அலுமினியத் தாளை உருண்டையாக்கி மெதுவாக உருட்டுங்கள். சுண்ணாம்புக்கல் செதுக்கி வைத்த கல், காட்டுக்கல் இல்லை. ஆகவே அழுத்தம் மிகக் குறைவாக இருக்கட்டும். பத்துக் கல்லுக்கு ஒன்றை மட்டும் விரலால் சற்று உள்ளே தள்ளினால் சுவருக்கு உயிர் வந்துவிடும்.

6. இடித்தல்

முழு வேலையிலும் அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம் இது. சுவர் எங்கே உடையும் என்பதைச் சில விதிகள் தீர்மானிக்கின்றன.

சுவரின் பலவீனம் திறப்புகளில் இருக்கிறது. விரிசல் ஒரு ஜன்னலின் மூலையிலிருந்து மேல் ஜன்னலின் மூலைக்கு ஓடும். இரண்டு சுவர் சேரும் மூலைகள் ஒன்றையொன்று தாங்குவதால் கடைசி வரை நிற்கும். புகைக்கூண்டு ஒட்டியிருக்கும் சுவரும் தடிமனால் பெரும்பாலும் நிற்கும். போர்க்காலப் படங்களில் தெரு முழுக்க மூலைகளும் புகைக்கூண்டுகளும் மட்டும் தூண் தூணாக நிற்பது இதனால்தான்.

உடைப்புக் கோடு கல்லின் நடுவே போகாது. சுண்ணாம்புக் கலவை கல்லைவிட வலுக்குறைவு. ஆகவே கோடு இணைப்பைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக இறங்கும். எட்டு கல்லுக்கு ஒன்றிரண்டு மட்டும் பாதியில் உடைந்திருக்கலாம். கையால் பிய்த்த ஃபோம் ஓரம் அலையலையாக, மென்மையாக வரும். கல் சுவர் ஒருபோதும் அப்படி உடையாது. ஆக, பிய்க்காமல் வரிசை வரிசையாகக் கத்தியால் வெட்டுங்கள்.

நம் வீட்டில் குண்டு பின்பக்க மாடியில் வெடித்தது. பின்சுவர் முழுதும் போகும். பக்கச்சுவர் பின்னிருந்து முன்னாகப் படிப்படியாக உயரும். முகப்பில் மாடியின் மேல்பாதி தெருப் பக்கம் சாய்ந்து விழும். முன்மூலை மட்டும் முழு உயரத்துக்கு நிற்கும். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு கல்லையும் எடுக்க வேண்டும்.

இப்போது உடைந்த ஓரத்தைக் கிட்டத்தில் பாருங்கள். 50 செ.மீ. கல் சுவர் ஒரே கல்லால் ஆனதல்ல. வெளிப்பக்கம் ஓர் அடுக்கு, உள்பக்கம் ஓர் அடுக்கு, இடையில் சில்லுக் கல்லும் சுண்ணாம்புக் கலவையும். ஆகவே 15 மி.மீ. ஓரத்தில் இரு பக்கமும் 5 மி.மீ. விட்டு, நடுவில் 5 மி.மீ. பள்ளம் தோண்டுங்கள். அதில் வெள்ளைப் பசை தடவி, ஒன்றிரண்டு மி.மீ. அளவு பிளாஸ்டர் சில்லுகளைப் பட்டியோடு கலந்து அடையுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்தால் சுவர் ஃபோம் என்பது மறைந்துவிடும். பலரும் செய்யாமல் விடுவதும் இதைத்தான்.

வெட்டி எடுத்த ஒவ்வொரு கல்லையும் ஒரு டப்பாவில் சேருங்கள். எதுவும் குப்பைக்குப் போகக்கூடாது.

சிதறல் துளைகளுக்கு ஊசி முனையால் குத்தி, சுற்றிலும் 1 மி.மீ. அகலத்துக்கு மேல்தோலைச் சுரண்டுங்கள். சுவர் முழுக்கச் சீராகத் தெளிக்காதீர்கள். குண்டு விழுந்த திசையைப் பார்க்கும் முகத்தில் அடர்த்தியாகவும், மற்ற முகத்தில் ஏறக்குறைய இல்லாமலும் இருக்கட்டும்.

7. உள்பக்கம், மூலையை ஒட்டும் முன்

சுவர்கள் தட்டையாகக் கிடக்கும்போதே உள்பக்கத்தை முடித்துவிடுங்கள். ஒட்டிய பிறகு மூலைக்குள் தூரிகை போகாது.

பட்டியைத் தண்ணீரில் தளர்த்தி 0.5 முதல் 1 மி.மீ. பூசுங்கள். உடைந்த ஓரத்திலிருந்து 5 முதல் 15 மி.மீ. வரை பூச்சு உதிர்ந்து கல் தெரிய வேண்டும். காய்ந்ததும் சுவர்த்தாள் ஒட்டலாம். அறைக்கு ஒரு நிறம்; மாடிக்கும் கீழுக்கும் ஒரே தாள் வேண்டாம். பூ டிசைன் 3 முதல் 5 மி.மீ.க்குள் இருக்கட்டும். இடையில் தளம் நின்ற இடத்தில் 8 முதல் 9 மி.மீ. பட்டைக்குத் தாளும் வண்ணமும் இருக்கக்கூடாது. தளம் விழுந்த பிறகும் சுவரில் அந்தக் கோடு தெரியும். கணப்பு இருந்தால் கீழ் அறைக்கு நேர் மேலேயே மாடியிலும் வரும், புகைவழி ஒன்றுதானே.

உத்திரங்கள் 15 × 20 செ.மீ.: 4.3 × 5.7 மி.மீ.; இடைவெளி 14 மி.மீ. அறையின் குறுகிய பக்கத்துக்கு ஓடும். முனை சுவருக்குள் புதைந்திருக்கும். அதனால் சுவரில் அந்த அளவுக்குக் குழிகளை இப்போதே வெட்டுங்கள். உத்திரம் விழுந்த இடத்தில் காலிக் குழி மட்டும் நிற்கும். அதுவே விவரம்.

மரத்துக்குச் சாயம் ஏற்றுவது ஒட்டுவதற்கு முன். பசை பட்ட இடம் சாயத்தை உறிஞ்சாது; வெளிர் திட்டாகவே நிற்கும். உடைந்த முனைக்குக் குச்சியின் அடிப்பக்கம் பாதி ஆழம் கீறி மேல்நோக்கி முறித்தால் நார் நாராகப் பிளக்கும். பால்சா மரம் மொட்டையாக முறியும், அதனால்தான் பாஸ்வுட்.

தாங்கிய சுவர் ஒரு பக்கம் போனால் தளம் அந்தப் பக்கம் மட்டும் இறங்கிச் சாய்ந்து தொங்கும். பலகைகளோடு சேர்த்தே இறக்குங்கள். தரைப்பலகை 4 மி.மீ. அகலம், 0.7 மி.மீ. தடிமன்.

இதெல்லாம் முடிந்த பிறகு மூலையை வெள்ளைப் பசையால் ஒட்டி, குண்டூசி குத்தி, ஓர் இரவு விடுங்கள்.

8. ஜன்னலும் கதவும்

பிரெஞ்சு ஜன்னல் இரண்டு கதவும் உள்பக்கம் திறக்கும். வெளியே மரத்தட்டிக் கதவுகள் சுவரோடு மடிந்து நிற்கும். இதை மாற்றிப் போடுவது சர்வ சாதாரணம். சட்டம் 5 செ.மீ., இங்கே 1.5 மி.மீ.

கண்ணாடிக்கு மைக்ரோஸ்கோப் கவர் ஸ்லிப்புக்கு நிகர் வேறில்லை. அதன் தடிமன் 0.13 முதல் 0.17 மி.மீ.; நிஜ 3 மி.மீ. கண்ணாடி இந்த ஸ்கேலில் 0.09 மி.மீ. உடைந்தாலும் நிஜக் கண்ணாடிபோலக் கூர்முனையாகவே உடையும். பிளாஸ்டிக் தாளில் அந்த ஓரம் வராது. கண்ணுக்குக் கவசம் போட்டு, துணிக்குள் வைத்து உடையுங்கள். இந்த வீட்டில் முழுக் கண்ணாடி ஒன்றுகூட மிஞ்சியிருக்க வழியில்லை. சட்டத்தின் மூலைகளில் துண்டுகள் மட்டும் போதும்.

9. கூரை

கைமரத்தின் மேல் பலகை, பலகையின் மேல் ஸ்லேட். மிஞ்சிய முன்மூலையில் கையகலக் கூரை மட்டும் இருந்தால் அழகு.

ஒரு ஸ்லேட் 32 × 22 செ.மீ., அதாவது 9 × 6.3 மி.மீ. 80 கிராம் தாளின் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ.; நிஜ ஸ்லேட்டின் 3 முதல் 4 மி.மீ. தடிமனுக்கு அப்படியே பொருந்தும். 9 மி.மீ. அகலப் பட்டையாக வெட்டி, 6.3 மி.மீ.க்கு ஒரு கீறல், பட்டையின் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்கு. கீழ் விளிம்பில் தொடங்கி மேலே ஏறுங்கள். ஒவ்வொரு வரிசையும் 3.3 மி.மீ. மட்டும் வெளியே தெரிய வேண்டும். அடுத்த வரிசை அரை ஸ்லேட் நகர வேண்டும். மேலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தால் நீர் உள்ளே போகும் கூரையாகிவிடும்.

அதிர்வில் ஸ்லேட் திட்டுத் திட்டாகத்தான் போகும். அங்கங்கே ஒன்றிரண்டு பிடுங்காமல், ஒரு பெரிய இடத்தைக் காலி செய்து பலகையைக் காட்டுங்கள்.

10. வண்ணம்

முதல் பூச்சு காப்புப் பூச்சு: வெள்ளைப் பசையும் சாம்பல் அக்ரிலிக்கும் சரிபாதி. ஃபோமின் நுண்துளைகளை இது அடைத்து, நகம் பட்டாலும் குழியாமல் காக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது.

1. அடிநிறம்: வெள்ளையில் ஓக்கரும் (மண் மஞ்சள்) ஒரு துளிச் சாம்பல் நிறமும். முழுச் சுவருக்கும்.
2. அதிலிருந்து நான்கு சாயல் கலந்து, ஆறு கல்லுக்கு ஒன்றாகத் தனித்தனியே தீட்டுங்கள். பக்கத்துப் பக்கத்தில் ஒரே சாயல் வேண்டாம்.
3. பட்டியை மோர் பதத்துக்குக் கரைத்து இணைப்புகளில் தேய்த்து, ஈரத்துணியால் கல் முகத்தைத் துடையுங்கள்.
4. நீர்த்த பழுப்பு வாஷ் (இடுக்குகளில் ஓடவிடும் தண்ணீரான வண்ணம்). இது கலவைக்குப் பிறகுதான். முன்பே அடித்தால் வெள்ளைக் கலவை தனியாகத் துருத்தும்.
5. வெளிர் நிறத்தில் மிக லேசான ட்ரை பிரஷ் (வண்ணத்தைத் துடைத்தெடுத்த தூரிகையால் மேடுகளை மட்டும் தொடுவது).
6. மழை வழிந்த கறை: ஜன்னல் திண்டின் இரு முனைக்குக் கீழே கருஞ்சாம்பல் கோடுகள்.

பலர் தவறவிடும் ஒன்று: பல ஆண்டு வெயிலும் மழையும் பட்ட வெளிமுகம் சாம்பலேறி இருக்கும், புதிதாக உடைந்த கல்லின் உள்முகம் பளிச்சென்று வெளிராக இருக்கும். உடைந்த ஓரத்தையும் சிதறல் துளைகளையும் அடிநிறத்தைவிட வெளிராகத் தீட்டுங்கள். வாஷ் அங்கே போக வேண்டாம்.

கரி வேண்டாம். நம் கதையில் தீ இல்லை. தீ இருந்திருந்தால் திறப்பின் மேல்பக்கம் மட்டுமே கரி ஏறும். இரும்புச் சத்துள்ள சுண்ணாம்புக்கல் சூட்டில் இளஞ்சிவப்பாகவும் மாறும். ஜன்னலைச் சுற்றி வட்டமாகக் கறுப்படிப்பது எந்தத் தீயிலும் நடக்காது.

11. தெருவும் நடைபாதையும்

பிளைவுட்டின் இரு முகத்தையும் வார்னிஷால் மூடுங்கள். ஒரு முகம் மட்டும் ஈரம் குடித்தால் பலகை வளைந்து, ஒட்டிய சுவரில் விரிசல் விழும்.

5 மி.மீ. ஃபோமில் கல் பாவிய தெரு. 10 செ.மீ. கல் இங்கே 3 மி.மீ.; அந்த அளவுச் சதுரப் பித்தளைக் குழாயை அழுத்தினால் நான்கு பக்கமும் ஒரே தடவையில் பதியும். வரிசைகள் தெருவுக்குக் குறுக்கே போக வேண்டும். சக்கரத்துக்கும் குதிரைக் குளம்புக்கும் பிடிப்பு அப்படித்தான் கிடைக்கும். நீளவாக்கில் போட்டால் தளம் போட்ட முற்றம் போலத் தெரியும். நடுவே உயர்ந்து ஓரத்தில் தாழ வேண்டும்: 100 மி.மீ. அரைத்தெருவுக்கு 2.5 மி.மீ. சரிவு போதும். ஓரக்கல் உயரம் 4 மி.மீ.

தெருவுக்கு வண்ணம் அடித்த பிறகு கட்டடத்தை நிறுத்துங்கள். சுவரின் அடி நடைபாதைக்குள் 2 மி.மீ. இறங்கும்படி குழி வெட்டுங்கள். மேலே வைத்து ஒட்டினால் மயிரிழை இடைவெளி தெரியும். வீடு மிதப்பது போல இருக்கும்.

12. இடிபாடு

எவ்வளவு வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. போன சுவரின் பரப்பைத் தடிமனால் பெருக்குங்கள். 100 × 80 மி.மீ. போயிருந்தால், 14 மி.மீ. தடிமனில் 112 கன செ.மீ. உடைந்து குவிந்த கல் இடைவெளிகளோடு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இடம் பிடிக்கும்: சுமார் 170 மி.லி. அதோடு தளமும் கூரையும். இரண்டு பிடி சில்லைத் தூவிவிட்டு மாடி முழுக்க இடிந்ததாகச் சொல்லும் மாடல்கள் நம்பும்படி இல்லாமல் போவது இதனால்தான். மீதிக் கல் எங்கே போனது?

டப்பாவில் சேர்த்த ஃபோம் கற்கள் போதாது. பிளாஸ்டரைத் தட்டில் 8 மி.மீ. கனத்துக்கு ஊற்றி, பாதி காய்ந்ததும் கல் அளவுக்குக் கீறி, மறுநாள் உடையுங்கள். இரண்டு பங்கு பிளாஸ்டருக்கு ஒரு பங்கு தண்ணீர். தண்ணீரில் பிளாஸ்டரைத் தூவ வேண்டும்; பிளாஸ்டரில் தண்ணீரை ஊற்றினால் கட்டி கட்டும். அடிநிறத்தைத் தண்ணீரிலேயே கலந்துவிட்டால் உடையும் முகமெல்லாம் தானாக நிறம் பிடித்திருக்கும்.

அடுக்கும் முறை:

- முதலில் குவியலின் வடிவுக்கு ஃபோம் ஆப்பு. சுவரோரம் உயரம், தெருப் பக்கம் சரிவு. சரிவு 35 முதல் 40 பாகைக்கு மேல் போகக்கூடாது. தளர்ந்த கல் அதைவிடச் செங்குத்தாக நிற்காது.
- அதன் மேல் விழுந்த தளத்தின் உத்திரங்களும் பலகைகளும், கூரைக் கைமரங்களும். ஒரு முனை மண்ணுக்குள், மறு முனை வெளியே.
- பிறகு பெரிய கற்கள். இரண்டு மூன்று கற்கள் கலவையோடு ஒட்டியபடியே கிடக்கட்டும்.
- நடுத்தரச் சில்லு, நுண் சில்லு, கடைசியில் சலித்த பிளாஸ்டர் தூள்.
- மேலே ஸ்லேட் துண்டுகள், ஜன்னல் சட்டம், சுவர்த்தாளோடு ஒரு பூச்சுத் துண்டு.

பெரியதிலிருந்து சிறியதற்கு என்ற வரிசை முக்கியம். தூளை முதலில் போட்டால் கற்கள் அதன் மேல் பொம்மைபோல உட்கார்ந்திருக்கும். தூள் கடைசியாக வந்தால் இடுக்குகளில் தானாக இறங்கும்.

செங்கல்லைக் குவியலில் கலக்கும் ஆசை பலருக்கும் வரும். இந்த வீட்டில் புகைக்கூண்டின் மேல்பகுதி மட்டும் செங்கல் என்று வைத்தால், அது விழுந்த இடத்தில் மட்டும் பத்திருபது செங்கல் கிடக்கலாம். கல் வீட்டின் குவியல் முழுதும் சிவந்து கிடக்கக் காரணமில்லை.

ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. முதலில் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் தூவி நனைத்து, பிறகு சொட்டு மருந்துக் குழாயால் ஓரத்திலிருந்து பசையை விடுங்கள். காய்ந்த தூள் மேல் பசை விழுந்தால் உருண்டு குழி விழும். காய இரண்டு நாள்.

13. எழுத்து, பலகை, தூசி

தெருப்பெயர் நீல எனாமல் தகட்டில் வெள்ளை எழுத்து, மூலைச்சுவரில் ஆள் உயரத்துக்கு மேல். பக்கச்சுவரில் சுவரொட்டித் தடை வாசகமும், கூடவே '29 ஜூலை 1881 சட்டம்' என்பதும் பிரெஞ்சில் எழுதியிருந்தால் ஊர் உடனே பிடிபடும். தாளில் அச்சிட்டு, பின்பக்கம் உப்புத்தாளால் மெலிதாக்கி, பசையோடு கல் இணைப்புகளுக்குள் அழுத்துங்கள். பதுங்கறையைக் காட்டும் எல்.எஸ்.ஆர். எழுத்தும் அம்புக்குறியும் ஜெர்மன் நகரச் சுவருக்கு உரியவை, இங்கே வேண்டாம்.

கடைசியாகத் தூசி. குவியலுக்குப் பயன்படுத்திய அதே நிறப் பிக்மென்டைக் கிடைமட்டமான எல்லாவற்றிலும் தூவுங்கள்: ஜன்னல் திண்டு, மிஞ்சிய தளம், ஓரக்கல், தெருக்கல் இடுக்கு. செங்குத்துச் சுவரில் அடிப்பாகத்து 20 மி.மீ. மட்டும். டாங்கியின் சங்கிலியிலும் வீரர்களின் பூட்ஸிலும் இதே பொடி கொஞ்சம் ஏற வேண்டும். அவை தனியாக வண்ணம் அடிக்கப்பட்டு வந்தவை என்பது அப்போதுதான் மறையும்.

பிக்மென்டை நிறுத்த ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைச் சொட்டாக விடுங்கள், தூரிகையால் தடவாதீர்கள். ஈரத்தில் நிறம் கறுத்துத் தெரியும்; காய்ந்ததும் வெளுக்கும். போதவில்லை என்று ஈரத்திலேயே மேலும் மேலும் கொட்டுபவர்கள் மறுநாள் மாவு மூட்டை கவிழ்ந்த தெருவைத்தான் பார்ப்பார்கள். ஒரு பூச்சு, முழுதாகக் காயட்டும், பிறகு தேவைப்பட்டால் இன்னொன்று.